அரீக்காவில் மூன்று இரவு: எதை முதலில் பார்ப்பது, எதை விடுவது?

தனிமூட்டை | ஜனவரி 11, காலை 9.40

பெருவின் தாக்னா வழியா சிலிக்குள்ள நுழையப் போறேன். அரீக்காவில மூணு ராத்திரி. நாலாம் நாள் ராத்திரி பஸ்ல கலாமா, அங்கேர்ந்து சான் பெத்ரோ தெ அத்தக்காமா. படிச்ச வரைக்கும் எல்லாரும் "அது வெறும் எல்லை ஊர், தூங்கி எழுந்து கிளம்பு"ன்னுதான் எழுதுறாங்க. எனக்கு வெயிலும் கடலும் வேணும், அதனால மூணு ராத்திரி போதும்னு நினைக்கிறேன், ஜாஸ்தியும் இல்ல.

திட்டம்: முதல் நாள் போய்ச் சேர்றது. ரெண்டாம் நாள் சுங்காரா ஏரிக்கு ஒருநாள் வேன் சுற்றுலா. மூணாம் நாள் கடற்கரை, மம்மி மியூசியம். 38 லிட்டர் பை. சைவம், முட்டை ஓகே. ஸ்பானிஷ் அரைகுறை. இதுல எங்க இடிக்குது?

கல்லுப்பு | ஜனவரி 11, காலை 11.15

இரண்டாம் நாளில் இடிக்கிறது. அதை மலையாடு வந்து சொல்லட்டும், அது அவர் பேட்டை. நான் எல்லையை மட்டும் சொல்கிறேன்.

தாக்னாவில் பேருந்து நிலையம் இரண்டு கட்டடம், எதிரெதிரே. உள்நாட்டுப் பேருந்து ஒன்றில், சர்வதேச வண்டிகள் மற்றதில். சர்வதேசப் பக்கம் போய் முதலில் நிலையக் கட்டணச் சீட்டு வாங்குங்கள். சில்லறைக் காசுதான், ஆனால் அது இல்லாமல் வண்டியை வெளியே விடமாட்டார்கள். கையில் மிஞ்சும் பெரு நாணயங்களை (சோல்) இதற்காக வைத்திருங்கள்.

அங்கே பேருந்தும் உண்டு, கொலெக்திவோ என்னும் பங்கு டாக்சியும் உண்டு. பங்கு டாக்சி ஐந்து பேர் சேர்ந்ததும் கிளம்பும். பஸ்ஸில் நாற்பது பேரும் சோதனை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும், டாக்சியில் நால்வருக்காக மட்டும். அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு நியாயமானதே. ஓட்டுநர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பயணிகள் பட்டியல் எழுதுவார். பதற வேண்டாம், அதுதான் வழக்கம். வண்டி எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள், சோதனைக்குப் பின் ஒரே மாதிரி கார்கள் வரிசையாக நிற்கும்.

பெரு வெளியேற்றம், சிலி நுழைவு, பிறகு பையை ஸ்கேனரில் போடுவது. சிலியின் சோதனைச்சாவடிக்கு சாக்காயூத்தா என்று பெயர். நுழைவுப் பதிவை, காகிதமோ மின்வடிவமோ, பத்திரப்படுத்துங்கள். கேட்பது விடுதியில்: வெளிநாட்டவர் டாலரிலோ வெளிநாட்டு அட்டையிலோ கட்டினால், பதிவுபெற்ற ஓட்டல்களில் 19 விழுக்காடு வரி தள்ளுபடி. சின்ன ஹாஸ்டல்கள் பல அந்தப் பதிவில் இருக்காது. அறை போடும்போதே கேட்டுவிடுங்கள்.

விசா பற்றி இங்கே யார் எழுதினாலும் நம்பாதீர்கள், நான் உட்பட. விதி மாறிக்கொண்டே இருக்கிறது. தூதரகப் பக்கம்தான் கணக்கு.

அப்புறம், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள்.

ஓரக்கண் | ஜனவரி 11, காலை 11.32

ஜனவரியில ரெண்டு மணி நேரம், கல்லுப்பு சார். சிலியில கோடைநேரம் ஓடுது. ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும்தான் ஒரு மணி.

கல்லுப்பு | ஜனவரி 11, காலை 11.50

சரிதான், இது கோடை. கணக்கே மாறுகிறது: தாக்னாவில் மூன்று மணிக்கு ஏறினால் எல்லைச் சோதனையும் சேர்த்து மொத்தம் ஒன்றரை மணி நேரத்தில் போனாலும் அரீக்காவில் கால் வைக்கும்போது உள்ளூர் நேரம் ஆறரை. மியூசியத்துக்கு நேரம் இருக்காது. காலை எட்டுக்குள் தாக்னாவை விடுங்கள்.

வெள்ளி மாலை, ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம். அரீக்கா மக்கள் பல்வைத்தியம், கண்ணாடி, துணிமணி என்று வாரக்கடைசியில் தாக்னாவுக்குப் போய் வருகிறார்கள். வரிசையும் நீளும், டாக்சிக் கட்டணமும் ஏறும்.

ரயில் உண்டே என்று யாராவது கேட்பதற்குள்: தாக்னா–அரீக்கா பாதை 1856இல் போட்டது, சுமார் 60 கி.மீ. நின்று நின்று ஓடிய வரலாறு அதற்கு. ஓடினால் ஏறுங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மலையாடு | ஜனவரி 11, மாலை 6.05

கூப்பிட்டீங்களா.

கடல்மட்டத்தில தூங்கி எழுந்து, காலை ஏழு ஏழரைக்கு வேன்ல ஏறி, மதியம் சுங்காரா. சுமார் 4,500 மீட்டர். அங்க காற்றழுத்தம் கடல்மட்டத்தில இருக்கிறதுல கிட்டத்தட்ட 57 விழுக்காடுதான். சாயங்காலம் திரும்பக் கடற்கரை. உடம்புக்குப் பழக நேரமே கிடையாது.

மலைநோய் ஏறின உடனே வராது. ஆறு மணி நேரம், சிலருக்கு அதுக்கும் மேல ஆகும். அதனாலதான் ஏரிக்கரையில சிரிச்சுக்கிட்டு செல்ஃபி எடுக்கிற ஆள், திரும்பி வர்ற வளைவுப் பாதையில கவரைத் தேடுவார். வேன்காரங்க கோக்கா இலைத் தேநீர் தருவாங்க, ஆக்சிஜன் குப்பி வச்சிருப்பாங்க. ரெண்டும் ஆறுதல், ரெண்டும் பழக்கப்படுத்தாது.

சரியான வழி: காலைல அரீக்காவிலேர்ந்து புத்ரேக்குப் பஸ், சுமார் மூணு மணி நேரம், 3,500 மீட்டர். அன்னைக்கு ஊருக்குள்ள மெதுவா நடந்து, அங்கயே தூங்கி, மறுநாள் உள்ளூர் வண்டியில ஏரிக்கு. அதுக்கு உங்ககிட்ட நாள் இல்ல. என் தீர்ப்பு: சுங்காராவை வெட்டுங்க.

தனிமூட்டை | ஜனவரி 11, இரவு 10.20

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அரீக்காவுக்கு முன்னாடி புனோவில ஆறு நாள் இருக்கேன். அதுக்கப்புறம் தாக்னாவில ஒரே ராத்திரி. அது கணக்குல வருமா?

மலையாடு | ஜனவரி 12, காலை 7.10

வரும். முதல்லயே சொல்லியிருக்கலாம்ல!

புனோ 3,800 மீட்டர். ஆறு நாள் அங்க இருந்தா உடம்பு நல்லாவே பழகியிருக்கும். கீழ இறங்கினதும் அது உடனே போயிடாது, சில நாள் நிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். அப்படின்னா தலைகீழாச் சொல்றேன்: சுங்காரா போகணும்னா தள்ளிப்போடாம அரீக்காவில ரெண்டாம் நாளே போங்க. உங்க திட்டம் தற்செயலா சரி. நேரா சந்தியாகோவிலேர்ந்தோ இக்கிக்கேயிலேர்ந்தோ வர்றவங்க இதைப் பார்த்துட்டு அப்படியே செய்யாதீங்க. அவங்களுக்கு மேலே எழுதினதுதான்.

அசெட்டாசோலமைடு, அதான் மலைநோய்த் தடுப்பு மாத்திரை, அதைப் பத்தி யாராவது கேப்பீங்க. வழக்கமான தடுப்பு அளவு 125 மி.கி., நாளுக்கு ரெண்டு வேளை, ஏறுறதுக்கு முந்தின நாள்லேர்ந்து. சல்ஃபா ஒவ்வாமை இருந்தா ஆபத்து. டாக்டரைக் கேக்காம வேணாம். விரல் நுனி மதமதக்கும், சோடா சப்புன்னு இருக்கும், அது பக்கவிளைவு.

இன்னொண்ணு, இது ஜனவரி. மேட்டுநிலத்துல மழைக்காலம். காலைல தெளிவா இருக்கும், மதியத்துக்கு மேல மேகம் மூடி இடி மின்னல் வரும். பரினாக்கோத்தா எரிமலையோட நிழல் பனித்தொப்பியோட ஏரியில தெரியுற காட்சிக்காகத்தான் எல்லாரும் போறாங்க. பதினொண்ணு, பன்னிரண்டுக்குள்ள ஏரிக்குப் போகாத வேன் வேணாம். "புத்ரேயில மதியச் சாப்பாடு, அப்புறம் ஏரி"ன்னு சொன்னா அடுத்த கடைக்கு நடங்க. ஏரி முதல்ல, சோறு திரும்புறப்ப.

உடுப்பு: கீழ டீ-ஷர்ட், மேல கம்பளி, காத்துத் தடுக்குற மேல்சட்டை. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. காலைல வயிறு முட்டச் சாப்பிடாதீங்க.

ஓரக்கண் | ஜனவரி 12, காலை 9.00

கடற்கரைக்கு வந்தவரை 4,500 மீட்டர் ஏத்தி இறக்கிட்டீங்க. கடலைப் பத்தி யாராவது பேசுவீங்களா?

கல்லுப்பு | ஜனவரி 12, மதியம் 1.30

பேசலாம்.

வெயில் என்றதும் வெதுவெதுப்பான கடலை நினைத்துவிடக் கூடாது. தெற்கிலிருந்து ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் கரையை ஒட்டி வருகிறது. கோடையில் தண்ணீர் 21, 22 டிகிரி வரை போகும், குளிர்காலத்தில் 16, 17. சிலிக்காரர்களுக்கு இதுவே நாட்டின் வெதுவெதுப்பான கடல். நமக்கு முதல் ஐந்து நிமிடம் பல் கிட்டும். காற்று ஜனவரியில் பகலில் 26, 27 டிகிரி, வியர்க்காது. ஆபத்தே அதில்தான்: சூடு தெரியாது, புற ஊதா மட்டும் உச்சத்தில் இருக்கும். காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை நிழல். சன்ஸ்கிரீன் பாதத்தின் மேல்புறத்துக்கும் காது மடலுக்கும் சேர்த்து. நம் தோலும் வேகும்.

எந்தக் கடற்கரை?

நீந்த: லா லிசேரா. ஊருக்கு மேலே நிற்கும் மோர்ரோ பாறைக்குத் தெற்கே சின்ன வளைகுடா, அலை அடங்கியிருக்கும். நகர மையத்திலிருந்து நடந்தே போகலாம். அடுத்தது எல் லாவுச்சோ, அதுவும் பரவாயில்லை.

நடக்க: வடக்கே சிஞ்சோரோ கடற்கரை, நீளமானது. ஆனால் மலையாடு சொன்ன அந்த மேட்டுநில மழை இங்கேயும் முகம் காட்டும். ஜனவரி, பிப்ரவரியில் சான் ஹோசே ஆறு ஓடினால் அதன் வாய்ப்பக்கம் கடல் பழுப்பாகும். அந்த வாரம் தெற்குப் பக்கமே இருங்கள்.

பார்க்க மட்டும்: பழைய அலாக்ரான் தீவு. இப்போது கரையோடு இணைந்துவிட்டது. அதன் முனையில் எல் கிரிங்கோ என்னும் அலை, உலகத் தரச் சறுக்குக்காரர்களுக்கு. ஆழமில்லாத பாறைமேல் உடைகிறது, பாறையெல்லாம் கடல்முள்ளெலி. பலகை வாடகைக்கு எடுத்த அன்றே அங்கே போவது பல்வைத்தியருக்குத் தாக்னா போகும் சீட்டு.

வடகோடியில் லாஸ் மாச்சாஸ். ஓடம் தேவையில்லாத கப்பல் ஒன்று அங்கே உண்டு. 1868 ஆகஸ்ட் 13 நிலநடுக்கத்தில் வந்த ஆழிப்பேரலை வாட்டெரி என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலை அப்படியே தூக்கிக் கரைமேல் வைத்தது. 1877இன் அலை அதை மறுபடி நகர்த்தியது. அதன் கொதிகலன் மிச்சம்தான் இப்போது நிற்கிறது.

நடைபாதை | ஜனவரி 12, மாலை 5.45

அந்தக் கப்பல் கதையை வேடிக்கையா மட்டும் படிச்சுட்டுப் போகாதீங்க. ஊர் முழுக்க ஆழிப்பேரலை வெளியேறும் வழிப் பலகை இருக்கு. வந்து இறங்கின அன்னைக்கே விடுதியிலேர்ந்து எந்தப் பலகை எந்தத் தெருவைக் காட்டுதுன்னு ஒரு தடவை நடந்து பாருங்க. கடல்மட்டத்திலேர்ந்து 30 மீட்டர் உயரம், அதுதான் அங்க பாதுகாப்புக் கோடு. நிக்க முடியாத அளவுக்கு ஆடினா சைரனுக்குக் காத்திருக்கக் கூடாது, போன் எச்சரிக்கைக்கும் காத்திருக்கக் கூடாது. பையை விட்டுட்டு நடங்க. கார் வேணாம், தெரு அடைச்சுக்கும். 2014 ஏப்ரல் 1 இக்கிக்கே நிலநடுக்கம் 8.2. அன்னைக்கு அரீக்காவும் மேட்டுக்குத்தான் ஏறுச்சு.

சரி, ஊருக்குள்ள சுத்துற ஆளுக்கு. மையம் சின்னது. 21 தெ மாயோ தெரு, நடக்கிறவங்களுக்கு மட்டும். அங்கேர்ந்து கொலோன் சதுக்கம், சான் மார்க்கோஸ் தேவாலயம், பழைய சுங்க மாளிகை எல்லாம் பத்து நிமிஷத்துக்குள்ள. மதியம் ஒன்றரை, ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் பல கடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தை மியூசியத்துக்கு வச்சுக்கோங்க. நாலு மணிக்கு மேல கடைத்தெரு.

தேவாலயம் பாரிஸ் கோபுரத்து ஐஃபல் கட்டினது, தவறவிடாதீங்க.

ஓரக்கண் | ஜனவரி 12, மாலை 6.02

ஐஃபல் இங்க வந்து ஏணி போட்டு ஏறல. அவரோட நிறுவனத்துப் பட்டறையில இரும்புத் துண்டா செஞ்சு கப்பல்ல அனுப்பி 1876இல பூட்டினது. 1868இல பழைய கோவில் விழுந்ததுக்குப் பதிலா வந்தது. அப்ப இது பெரு. பிரெஞ்சு இரும்பு, பெரு பூமி, இப்ப சிலி ஊர்.

நடைபாதை | ஜனவரி 12, மாலை 6.30

அதைத்தான் சுருக்கிச் சொன்னேன்.

மோர்ரோ: ஊர் தலைக்கு மேல நிக்கிற பாறை, 130 மீட்டர் சொச்சம். கொலோன் தெருவோட தெற்கு முனையில நடைபாதை ஆரம்பிக்குது, பதினஞ்சு நிமிஷ ஏத்தம். நிழலே கிடையாது. ஜனவரியில சூரியன் எட்டு மணிக்கு மேலதான் விழும். ஏழரைக்கு ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிடுங்க. இருட்டினப்புறம் அந்தப் பாதை தனியாளுக்கு நல்லதில்ல. மேல ஆயுத மியூசியம் இருக்கு. 1880 ஜூன் 7 சிலிப் படை இந்தப் பாறையைப் பிடிச்சது, பெருவோட தளபதி பொலொக்னேசி இங்கதான் விழுந்தார். அப்புறம் அரை நூற்றாண்டு இழுபறி. 1929 உடன்படிக்கையில தாக்னா பெருவுக்கு, அரீக்கா சிலிக்குன்னு முடிஞ்சுது. மேல யார்கிட்டயும் "இது உண்மையில யாருது?"ன்னு கேக்காதீங்க. எல்லைக்கு அந்தப் பக்கமும் கேக்காதீங்க.

கல்லுப்பு | ஜனவரி 13, காலை 10.10

மம்மிகளுக்கு வருகிறேன். அரீக்காவில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் அது கடலல்ல, ஏரியுமல்ல, இதுதான்.

சிஞ்சோரோ மக்கள் பாலைவனக் கரையில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். அரசன் இல்லை, பயிர் இல்லை, பானை இல்லை. ஆனால் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே இறந்தவர் உடலைச் செயற்கையாகப் பதப்படுத்தினார்கள். எகிப்தைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு முந்தியது. அரசருக்கு மட்டும் என்றில்லை. பிறந்த குழந்தை, கருவிலேயே போன சிசு வரை செய்தார்கள். 2021இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இரண்டு இடம். வரிசை முக்கியம்.

முதலில் அசாப்பா பள்ளத்தாக்கில் சான் மிகேல் மியூசியம், ஊரிலிருந்து 12 கி.மீ. மையத்திலிருந்து பள்ளத்தாக்குக்குப் போகும் பங்கு டாக்சி உண்டு. ஏறும்போது "மியூசியம்" என்று சொல்லுங்கள், வாசலில் இறக்குவார்கள். திரும்பும்போது சாலையோரம் நின்று கை காட்ட வேண்டும், மாலையில் வண்டி குறையும். இங்கே செய்முறை விளக்கம் இருக்கிறது: கறுப்பு மம்மியில் உடலைப் பிரித்து, எலும்புக்குக் குச்சி கட்டி, மண் பூசி, மேலே மாங்கனீசுக் கறுப்பு. பிந்திய சிவப்பு மம்மியில் கீறல் வழியே உள்ளுறுப்பை எடுத்து நிரப்பி, காவிச் சிவப்புப் பூசி, நீண்ட முடித்தொப்பி. இரண்டுக்கும் முகமூடி.

பிறகு கொலோன் 10. தெருப் பெயரும் கதவு எண்ணுமே இடத்தின் பெயர், மோர்ரோ அடிவாரம். ஓட்டலாக்க நினைத்த வீட்டின் தரைக்கடியில் கல்லறைகள் வந்தன. எடுத்தால் நொறுங்கும் என்று அங்கேயே விட்டுவிட்டு மேலே கண்ணாடித் தளம் போட்டார்கள். பள்ளத்தாக்கில் விளக்கத்தைப் படித்துவிட்டு இங்கே வந்தால், காலுக்குக் கீழே கிடப்பது என்னவென்று புரியும். நேராக இங்கே வந்தால் மண்ணும் எலும்பும்தான். அரை மணி நேரம் போதும், அப்படியே மோர்ரோ ஏறிவிடலாம். ஃபிளாஷ் போடக்கூடாது.

குழந்தைகளை ஏன் இத்தனை அக்கறையோடு? அவர்கள் குடித்த கமரோனேஸ் ஆற்றுநீரில் ஆர்செனிக் மிக அதிகம், அதனால் கருச்சிதைவும் குழந்தை மரணமும் பெருகி, துக்கமே இந்த வழக்கமாக மாறியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பெர்னார்தோ அர்ரியாசாவின் கருத்து. நிரூபணமல்ல, கருதுகோள். எனக்கு அது நெருடலின்றிப் பொருந்துகிறது.

ஓரக்கண் | ஜனவரி 13, காலை 10.25

ஆர்செனிக்னதும் கேக்கறேன். குழாய்த் தண்ணி?

நடைபாதை | ஜனவரி 13, காலை 11.00

சுத்திகரிச்சுத்தான் விடுறாங்க. ஆனா உப்பும் கனிமமும் தூக்கலா இருக்கும், காப்பியே வேற ருசி. பல் தேய்க்க, அரிசி வேகவைக்கப் பிரச்சினை இல்ல. குடிக்க அஞ்சு லிட்டர் கேன் வாங்கிடுங்க, மூணு நாளுக்கு ரெண்டு கேன்.

தனிமூட்டை | ஜனவரி 13, மதியம் 12.15

சாப்பாடு? அப்புறம் பையில பருப்புப்பொடி, ஊறுகாய், காய்ஞ்ச கறிவேப்பிலை இருக்கு. எல்லையில பிடுங்குவாங்களா?

கல்லுப்பு | ஜனவரி 13, மதியம் 2.40

சிலியின் வேளாண் சோதனைத் துறைக்கு சாக் என்று பெயர். நாய் உண்டு, ஸ்கேனர் உண்டு. பழம், காய், விதை, தேன், இறைச்சி எல்லாம் தடை. படிவத்தில் "தாவர, விலங்குப் பொருள் உண்டு" என்று எழுதிவிட்டு எடுத்துக் காட்டுங்கள். எழுதினால் அதிகபட்சம் பிடுங்கி எறிவார்கள். எழுதாமல் பிடிபட்டால் அபராதம். கம்பெனி முத்திரை போட்ட பொட்டலம் போவதற்கே வாய்ப்பு அதிகம். வீட்டில் காயவைத்த இலையை தாக்னாவிலேயே சமைத்து முடித்துவிடுங்கள்.

நடைபாதை | ஜனவரி 13, மாலை 4.05

சைவம்னா ஓட்டலை நம்பாதீங்க, சமையலறை இருக்கிற ஹாஸ்டல் பிடிங்க. "இறைச்சி இல்லாம"ன்னு கேட்டா கோழி வரும், ஹாம் வரும். கோழி, மீன், ஹாம் மூணையும் பேர் சொல்லி மறுக்கணும். பீன்ஸ் குழம்புல தொத்திறைச்சி ஒளிஞ்சிருக்கும். உமித்தா, அதாவது சோள இலையில கட்டி அவிச்ச சோளமாவு, நல்ல பண்டம், ஆனா பன்றிக்கொழுப்பு சேர்ப்பாங்க, "மான்தெகா இருக்கா?"ன்னு கேளுங்க. கவலையில்லாம சாப்பிட: சீஸ் எம்பனாதா, சீன உணவுக்கடையில முட்டை மட்டும் போட்ட சாவ்ஃபா சோறு, ரொட்டியும் அவகாடோவும்.

ரொட்டி எண்ணிக்கையில இல்ல, கிலோவுல. சூப்பர் மார்க்கெட்ல பையில போட்டு, தராசுல நிறுத்தி, சீட்டு ஒட்டினப்புறம்தான் கல்லாவுக்குப் போகணும். காய்கறியும் அப்படித்தான், ஒட்டலேன்னா திரும்பி ஓட வைப்பாங்க.

விலை மலிவு, ருசி கூட: ஊரோரத்துல ஆக்ரோன்னு சொல்ற பெரிய சந்தை. அசாப்பா தக்காளி, மாம்பழம், கொய்யா, அப்புறம் அந்தப் பள்ளத்தாக்கோட ஒலிவக்காய், கருநீலமா ஊறவச்சுக் கிலோவுல தருவாங்க. ரொட்டிக்கு அது ஒண்ணு போதும், ஊறுகாய் ஞாபகமே வராது. மீன் சாப்பிடுறவங்க துறைமுகத்து மீன்சந்தைக்குப் போங்க. கடல்சிங்கம் படிக்கட்டுலயே கிடக்கும், கிட்டப் போகாதீங்க, கடிக்கும்.

ஓரக்கண் | ஜனவரி 13, இரவு 9.15

காசு: எந்த ஏடிஎம்மும் சும்மா தராது, ஒவ்வொரு தடவையும் சில ஆயிரம் பெசோ கட்டணம். சின்னச் சின்னதா எடுக்காம ஒரே தடவையா எடுங்க. பங்கு டாக்சிக்கு 1,000, 2,000 தாள் வேணும், 20,000 நீட்டினா முறைப்பாங்க. "தோஸ் லூக்காஸ்"னா 2,000 பெசோ.

துணி துவைச்சாக் காய்ஞ்சிடும். 1903 அக்டோபர்லேர்ந்து 1918 ஜனவரி வரைக்கும் ஒரு சொட்டு மழை பதிவாகாத ஊர், 173 மாசம். உலக சாதனை. ரெயின்கோட் இருந்தா ஏரிக்கு மட்டும்.

ஜனவரி கடைசி, பிப்ரவரின்னா ஆந்தியத் திருவிழா, "சூரிய சக்தி"ன்னு பேர் வச்ச நடன ஊர்வலம். விடுதி நிரம்பிடும். தேதி பார்த்து அறை போடுங்க. தூக்கம் வேணும்னா ஊர்வலத் தெருவிலேர்ந்து தள்ளி.

மலையாடு | ஜனவரி 14, காலை 6.50

சுங்காராவிலேர்ந்து இறங்கின அன்னைக்கே ராத்திரி பஸ் ஏறாதீங்க. தலைவலியோட பத்து மணி நேரம் உட்கார்றது தண்டனை. உங்க திட்டத்துல மூணாம் நாள் நடுவுல இருக்கு, நல்லது.

தனிமூட்டை | ஜனவரி 14, காலை 9.30

மாத்தினது: முதல் நாள் காலை எட்டுக்கு தாக்னா, மதியத்துக்குள்ள அரீக்கா, லா லிசேரா, தண்ணி கேன், வெளியேறும் வழி பாக்குறது. ரெண்டாம் நாள் ஏரி, பன்னிரண்டுக்கு முன்னாடி. மூணாம் நாள் சான் மிகேல், கொலோன் 10, சாயங்காலம் மோர்ரோ. நாலாம் நாள் ஆக்ரோ சந்தை, கடற்கரை, ராத்திரி பஸ். பஸ்ஸுக்கு ரெண்டு கிலோ மாம்பழம்.

கல்லுப்பு | ஜனவரி 14, காலை 9.55

மாம்பழத்தைப் பகலிலேயே முடியுங்கள். தெற்கே போகும் வழியில் கூயாவில் பழ ஈ சோதனை, பேருந்தை நிறுத்திப் பையைப் பார்ப்பார்கள். தூக்கத்திலிருந்து எழுப்பிக் குப்பைத்தொட்டியைக் காட்டுவார்கள். இன்னும் தெற்கே கியாகுவாவில் சுங்கச் சோதனை, அங்கேயும் இறங்க வேண்டியிருக்கலாம். பாஸ்போர்ட் சட்டைப்பையில், செருப்பு காலடியில் இருக்கட்டும்.

ஓரக்கண் | ஜனவரி 14, காலை 10.20

அன்சோத்தா குகைகளை யாரும் சொல்லல. தெற்கே பத்துப் பன்னிரண்டு கி.மீ., கடலோரப் பாறைக் குகைகள், மரநடைபாதை, தலைக்கவசம் போட்டுத்தான் விடுவாங்க, மேலேர்ந்து கல் விழும். நாலாம் நாள் காலைல சைக்கிள் எடுத்தா முடியும். போறப்ப எளிது, திரும்புறப்ப நிழல் கிடையாது.

தனிமூட்டை | ஜனவரி 14, காலை 10.41

சார்ஜர் பின்?

நடைபாதை | ஜனவரி 14, காலை 10.50

220 வோல்ட். நம்மூர் மெலிசான ரெண்டு பின் நேரா ஏறும். மூணு தடிப்பின் ஏறாது, அங்க மூணும் ஒரே வரிசையில இருக்கும். அடாப்டர் ஒண்ணு தாக்னாவிலேயே வாங்கிடுங்க.